இரவல் வாய்

என்னுடைய தொழிலில் எனக்கென்று சொந்தமாக ஒரு வாய் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னால் நான் ஏதோ புத்தகங்களை மொழிபெயர்க்கிறேன் என்று சனம் நினைக்கும். நான் வாயால் பெயர்ப்பவள். ஆஸ்பத்திரி, கவுன்சில், அரச உதவிப்பணமான பெனிபிட் விசாரணை, பொலிஸ் நிலையம் என்று இங்கிலீஷ் வராத தமிழர் எங்கே போய் மாட்டினாலும் ஏஜென்சி எனக்குத்தான் போன் அடிக்கும். போக்குவரத்துச் செலவு தரமாட்டார்கள். லண்டனின் தெற்கே சட்டனில் இருந்து வடக்கே எட்மண்டனுக்குப் போய், ஆள் வரவில்லை என்று திரும்பிய நாட்களும் உண்டு.

எங்கள் வேலையின் முதல் விதி, பேசுகிறவரின் "நான்" என்னுடைய வாயில் "நான்" ஆகவே வரவேண்டும் என்பது. ஒருவர் "எனக்கு நெஞ்சு நோகுது" என்றால், அவருக்கு நெஞ்சு நோகிறதாம் என்று நான் சொல்லக்கூடாது. எனக்கு நெஞ்சு நோகிறது என்றே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது. ஒரே கிழமையில் மனிசியை அடித்தவனாகவும் இருந்திருக்கிறேன், வேறொரு வீட்டில் அடிவாங்கிய மனிசியாகவும் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து உலையை வைத்தால் எல்லாம் கழன்றுவிடும். அப்படித்தான் இத்தனை வருடமும் பிழைத்தேன்.

இனிச் சொல்லப்போவதில் ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டதுதான் இன்னும் கழலவில்லை.

தெற்கு லண்டனில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். மோசடி வழக்கு, பாதிக்கப்பட்டவர் வயதானவர் என்று மட்டும் சொன்னார்கள். மோசடி என்றதும் எனக்குச் சலிப்பாக இருந்தது. அதற்கு முன் வெளியாட்கள் எங்கள் சனத்தை ஏமாற்ற வந்தால் மொழியே காட்டிக்கொடுத்துவிடும். "அன்பே வாடிக்கையாளர், உங்கள் பொதி தூங்குகிறது" என்று தமிழில் செய்தி வரும். கலியாண வீட்டில் அதை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்போம். வங்கியில் இருந்து என்று இங்கிலீஷில் போன் எடுத்தால் எங்கள் கிழவிகள் "நோ இங்கிலீஷ்" என்று வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாததே காவல். யாழ்ப்பாணத் தமிழ் எங்களைச் சுற்றி ஒரு வேலி போல நின்றது. வேலியே பயிரை மேயும் என்று யார் நினைத்தது?

அந்த அம்மா மோர்டனில் தன் தங்கையின் மகளோடு இருப்பவர். எழுபது தாண்டிவிட்டது. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் ஓடுகிற சப்பாத்து, மடியில் கைப்பை. என்னைக் கண்டதும் எந்த இடம் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் அதைக் கேட்காமல் தொடங்கமாட்டார்கள். விதிப்படி அந்தக் கேள்வியையும் நான் துப்பறியும் அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண், நல்ல பிள்ளை. சிரித்துவிட்டு, நீங்கள் பதில் சொல்லலாம் என்றார். நான் சொல்லவில்லை. ஊரைச் சொன்னால் அடுத்தது ஒழுங்கை, அதற்கடுத்தது சொந்தம் என்று தெரியும்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகன். யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியில் இருந்து வெளியே வந்தபோது, படையினர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைத் தன் கண்ணால் கண்டவர். பஸ் போனது, அவ்வளவுதான். சாவுச் சான்றிதழ் தருகிறோம் என்று பிறகு வந்தவர்களை வீட்டுப் படியேற விடவில்லையாம். பஸ்ஸில் ஏறினவனுக்கு எதற்குச் சாவுச் சான்றிதழ் என்று கேட்டாராம். லண்டனுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் மற்றத் தாய்மாரோடு சேர்ந்து, நகர நடுவில் மகனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மைக்கை நீட்டினால் எல்லாவற்றையும் சொல்வார்: எந்தப் பள்ளிக்கூடம், சைக்கிளால் விழுந்து புருவத்துக்கு மேல் வந்த தழும்பு, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் என்றால் உயிர் என்பது, தனக்கு இப்போது கால் நோவினால் நிற்க முடியாமல் இருப்பது. அதெல்லாம் வீடியோவாக இணையத்தில் கிடக்கிறது. எங்கேயோ யாரோ ஒருவர் கண்டிருக்கலாம், ஒரு தழும்பை வைத்து அடையாளம் பிடிக்கலாம். பிள்ளையைத் தேடுகிற தாய் எதையாவது ஒளிப்பாளா?

அந்த வீடியோவைப் பார்த்தவன்தான் செய்தி அனுப்பினான். முதலில் ஒரு படம். தாடி வைத்த, மெலிந்த, முன்மண்டை வழுக்கை விழுந்த ஒரு ஆள். புருவத்துக்கு மேலே தழும்பு. பிறகு குரல். மகன் ஒரு நாட்டில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறான் என்றும் வெளியே எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் கதை வளர்ந்தது. தாலிக்கொடி போனது. கணவர் இறந்த பிறகு, வரப்போகிற மருமகளுக்கென்று வைத்திருந்த கொடி அது. சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெடியனிடம் அதைக் கொடுத்திருக்கிறார். கொடியோடு ஒரு சுவெற்றரும் கொடுத்தார். படத்தில் இருந்த தோளைப் பார்த்து அளவு மட்டுக்கட்டி வாங்கியதாம். கூட இருந்த தங்கை மகள், அந்தப் பெறாமகள்தான் கொடியைக் காணவில்லை என்று துருவிக் கேட்டு, பொலிசுக்குச் சொன்னவள். அடுத்த முறை வாங்க வந்தபோது அவனைப் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் அந்த அம்மா மோசடி என்ற சொல்லையே காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கணக்கில் பொலிஸ் பிடித்தது மகனுக்கு உதவி செய்த ஆளை. அதிகாரி எதைக் கேட்டாலும் அங்கேயே வந்து நின்றார்.

"அந்தப் பெடியனை விடச் சொல்லுங்கோ பிள்ளை. அவனைப் பிடிச்சு வைச்சிருந்தா என்ர பிள்ளைக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

என் பிள்ளைக்கு யார் சாப்பாடு கொடுப்பது என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வசனத்தை நான் இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது. அதிகாரி எனக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அன்றைக்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை. சில கிழமைகள் கழித்து அதே வழக்கில் எழுத்து வேலை ஒன்று வந்தது. பிடிபட்டவனுடைய கணினியில் இருந்து எடுத்தவை. அவன் இங்கே பிறந்த, முப்பது வயது மட்டில் ஒரு தமிழன். தமிழ் காதால் விளங்கும், வாயால் உடையும், எழுத வராது. எழுத வருகிற ஒன்றிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவன் கேட்டது இங்கிலீஷில், அந்த ஏ.ஐ. எழுதிக்கொடுத்தது தமிழில். தமிழ்ப் பகுதிகளை இங்கிலீஷில் ஆக்குவது என் வேலை.

குசினி மேசையில் வைத்துப் படித்தேன். தொடக்கத்தில் அவன் நேராகவே கேட்டிருக்கிறான், காணாமல் போன மகன் மாதிரி ஒரு தாய்க்கு எழுத வேண்டும் என்று. அது மறுத்திருக்கிறது, மரியாதையாக. துயரத்தில் இருக்கிற ஒருவரை ஏமாற்ற உதவமுடியாது என்று. எனக்கு அதைப் படித்ததும் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அடுத்த வரியிலேயே அவன் கதையை மாற்றிவிட்டான். நினைவுநாளுக்கு ஒரு நாடகம் போடுகிறோம், அதில் மகன் பாத்திரத்துக்கு வசனம் வேண்டும் என்றான். அது நம்பிவிட்டது. நம்பியது மட்டுமில்லை, மகன் எந்தப் பகுதித் தமிழ் பேசுவான், தாயிடம் என்ன பிடிக்கும் என்று விருப்பத்தோடு விசாரித்து வேலையில் இறங்கிவிட்டது. அவன் வீடியோவில் கேட்டதையெல்லாம் கொடுத்தான்.

இது அது எழுதியது:

"அம்மா, நான்தான். பயப்பிடாதேங்கோ. இப்ப கனக்கக் கதைக்க ஏலாது. உங்கட கால் நோ எப்பிடி? குளிருக்குள்ள போய் எனக்காக நிக்காதேங்கோ. நான் சாப்பிட்டன். நீங்கள் சாப்பிட்டியளோ?"

பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரி அதில் பிழை தேடினேன். ஒரு பிழை கிடைத்தால் போதும் என்று இருந்தது. கிடைக்கவில்லை. "சாப்பிட்டியளோ" என்று கேட்டு முடித்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது என்னவென்று தெரிந்திருந்தும். வசனத்துக்குக் கீழே, இந்தக் காட்சியை இன்னும் உருக்கமாக்கட்டுமா என்று அது கேட்டிருந்தது. அதையும் இங்கிலீஷில் ஆக்கினேன்.

பக்கங்கள் போகப்போக எனக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது. தாய் இப்படிச் சொல்கிறாள், மகன் என்ன சொல்வான் என்று அவன் கேட்டுக்கொண்டே போகிறான். அந்தத் தாயின் வசனங்கள் அந்த அம்மா உண்மையாகவே அனுப்பியவை. எழுத்துப் பிழைகளோடு, கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி எழுதியவை. முகத்தை ஒருக்காக் காட்டு மகன் என்று ஒன்று. நீ குளிச்சனியோ என்று ஒன்று. நாடகம் எழுதுகிறவனுக்கே தெரியாமல் ஒவ்வொரு நாளும் புதுப்புது வசனம் பேசுகிற தாய் எந்த நாடகத்தில் இருக்கிறாள்? ஒரு வரியிலாவது அதற்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அது ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பதில் எழுதிக் கொடுத்தது. அவன் அதை வாங்கி, பேசுகிற இன்னொரு மெஷினில் கொடுத்து ஆண்குரல் ஆக்கி அனுப்பினான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் மீது வந்தது சாதாரண ஆத்திரம், கள்ளனைக் கண்டால் வருகிறது. மற்றதன் மீது வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. அதுவும் என்னைப் போலத்தான், இன்னொருவருடைய "நான்" ஐத் தன் வாயால் சொல்கிறது. கள்ளனுக்கும் நான் வாய் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் அந்த அறையில் இருப்பேன். கேட்கிறவரின் முகம் என் முன்னால் இருக்கும். என்னுடைய "நான்" யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். குளிச்சனியோ என்று கேட்ட மனுஷியின் முகத்தைப் பார்க்காமல் அதற்குப் பதில் எழுதுவதற்கு எப்படி மனம் வரும் என்று யோசித்தேன். மனம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்று பிறகு ஞாபகம் வந்தது. அன்றைக்கு உலை வைக்கவில்லை.

மூன்றாம் முறை அந்த அம்மாவின் முழு வாக்குமூலத்தையும் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். அதிகாரி மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே கடும் நீலச் சுவெற்றர், விலைத்துண்டுகூடப் பிய்க்கவில்லை. பிடிபட்டவனுடைய காருக்குள் கிடந்ததாம். பிறகு மெதுவாக, வசனம் வசனமாக நிறுத்தி, படமும் குரலும் எழுத்தும் மெஷின்கள் செய்தவை என்று விளக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவருடைய மகன் உயிரோடு இருக்கிறான் என்பதை ஒவ்வொரு வசனமாக அவரிடமிருந்து பறித்தது என்னுடைய வாய்தான். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. நான்தான் சொல்கிறேன் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பையின் மேல் கையை வைத்து, உள்ளே இருந்த கம்பளியைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தடவினார்.

எப்போதாவது சந்தேகம் வந்ததா என்று அதிகாரி கேட்டார்.

அவர் பையின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்.

"முதல் நாளே வந்தது. அது என்னை அம்மா எண்டு கூப்பிட்டது. அவன் வீட்டில என்னை அம்மா எண்டு கூப்பிடுறேல்லை. வேற ஒண்டு சொல்லித்தான் கூப்பிடுவான். ஆக்கள் பக்கத்தில நிண்டால் மட்டும் வெக்கத்தில அம்மா எண்டு சொல்லுவான். அப்ப, பக்கத்தில காவலுக்கு ஆக்கள் நிக்கினம் போல எண்டு நினைச்சன்."

இதை நான் இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் அதிகாரி பேனாவை எடுத்தார். இது வழக்குக்கு உதவும் என்றார். அவன் என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று கேட்டார்.

அந்த அம்மா பதிவு ஓடிக்கொண்டிருந்த கமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லமாட்டன். தழும்பைச் சொன்னன், பள்ளிக்கூடத்தைச் சொன்னன், தின்னிறதைச் சொன்னன். எல்லாத்தையும் எடுத்து எனக்கே திருப்பித் தந்தாங்கள். இது ஒண்டுதான் நான் இன்னும் சொல்லாதது. இதையும் சொன்னால் அந்த மெஷின் அதையும் படிச்சிடும். பிறகு அவன் உண்மையா வந்து கூப்பிட்டால் நான் எப்பிடி அறியிறது?"

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, பரவாயில்லை என்றார். நான் அதையும் தமிழில் சொன்னேன்.

வெளியே பெறாமகள் காரைக் கொண்டுவரப் போயிருந்தாள். எங்களுக்கு ஒரு விதி உண்டு, அறைக்கு வெளியே ஆட்களோடு தனியாக நிற்கக்கூடாது. நான் விலகி வாசலுக்குப் போனேன். அவர் சப்பாத்தை இழுத்து இழுத்து என் பின்னால் வந்து கையைப் பிடித்தார். உள்ளங்கை சுட்டது.

"எனக்கு இனிக் கனகாலம் இல்லைப் பிள்ளை. இஞ்ச இருக்கிறதுகளுக்கு அந்த வீட்டுப் பேச்சு ஒண்டும் தெரியாது. நான் போனாப் பிறகு அவன் வந்தால், அவன்தான் எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்."

என் காதுக்குக் கிட்ட வந்து அந்தச் சொல்லைச் சொன்னார். சாதாரணச் சொல்தான். எங்கள் வீடுகளில் குழந்தைகள் யாரோ கூப்பிடுவதைக் கேட்டுத் தாங்களும் பிடித்துக்கொள்கிற மாதிரியான ஒன்று. போனிலோ காகிதத்திலோ அதை எழுதிவைக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கி, என் தொலைபேசி இலக்கத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதி வாங்கினார். கேட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடுவதையே தொழிலாகக் கொண்டவளிடம் வந்து இதைக் கொடுக்கிறாரே என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கார் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வழக்கு முடிந்தது. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. கொடி கிடைக்கவில்லை, எப்போதோ உருக்கிவிட்டார்களாம். அந்த அம்மா போன மாரியில் செத்துப்போனார். காய்ச்சல், பிறகு நெஞ்சு என்றார்கள். எங்கள் வழக்கப்படி பெறாமகள் இணையத்தில் மரண அறிவித்தல் போட்டாள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார் என்று முழுச் சொந்தத்தையும் வரிசையாக எழுதி, கீழே தன் தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தாள். அப்படித்தான் எல்லோரும் போடுகிறோம். அந்த அம்மாவுக்கு நடந்ததை அறிந்த பிறகும் அப்படித்தான் போடுகிறோம், ஏனென்றால் போடாவிட்டால் சாவு வீட்டுக்கு யார் வருவது?

செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில் பெறாமகள் என்னைத் தேடிப் போன் எடுத்தாள். பெரியம்மா என் இலக்கத்தைத் தன் கைப்பைக்குள் வைத்திருந்தாராம், ஏதாவது வந்தால் இவவிடம் கேள் என்று சொல்லி. இப்போது ஒரு செய்தி வந்திருக்கிறது என்றாள். தெரியாத நாட்டு இலக்கம். "தங்கச்சி, நான்தான். அம்மா போனதை இப்பதான் அறிஞ்சன். கடைசியா ஒருக்கா முகம் பாக்கக் குடுத்துவைக்கேல்லை." நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை.

நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன். வீட்டுக்குள் யாரும் இல்லாத நேரம் தாயை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேள், வேறொன்றும் எழுதாதே என்றேன். அவள் எழுதினாள். போனை வைக்காமல் இரண்டு பேரும் இருந்தோம். அவளுடைய குசினியில் தண்ணீர்க் குழாய் சொட்டுவது எனக்குக் கேட்டது. இதெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். அந்தக் கள்ளனுடைய கேள்விகளையும் அந்த மெஷினுடைய பதில்களையும் வரி வரியாக அறிந்தவள். அப்படியிருந்தும் அந்தச் சொல் வரவேண்டும் என்று என் குலதெய்வங்களுக்கெல்லாம் நேர்ந்துகொண்டிருந்தேன்.

பதில் வந்தது. அவள் வாசித்தாள்.

"அம்மா எண்டுதான்."